லால்பாக்கில் ஒத்திகை

பெங்களூரில் என்னென்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். எல்லாம் பார்த்தேன். விதான சௌதா பார்த்தேன், கப்பன் பார்க் பார்த்தேன், லால்பாக் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தேன். ஆனால் எதையும் பார்ப்பதற்காக நான் போகவில்லை. என் பெரிய பெண்ணுக்குத் தங்க ஒரு இடம் கேட்கப் போனேன்.

எங்கள் கேஜிஎஃப் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருஷம் அது. மூடப் போகிறார்கள் என்று எங்கள் லைனில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எப்போது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. ஷிஃப்டுக்குப் போவார். கீழே வேலை இருக்காது. இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வருவார். மூடினால் வேலை மட்டுமா போகும்? நாங்கள் குடியிருந்த லைன் வீடும் கம்பெனியுடையது. ஒரு நாள், "குடியாத்தம் பக்கம் பெரியப்பா ஊட்டுக்குப் போயிரலாம், கூலி வேலை கெடைக்கும்" என்பார். மறுநாள், "எங்கனா வாட்ச்மேன் வேலை பாக்கறேன்" என்பார். அடுத்த வருஷம் நாங்கள் எந்த ஊரில் இருப்போம் என்று எங்களுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் பத்தாவது பாஸ் செய்தாள். சும்மா பாஸ் இல்லை, பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே அப்ளிகேஷன் வாங்கி, பெங்களூரில் ஒரு பெண்கள் காலேஜில் பி.யு.சி. சயின்ஸுக்குப் போட்டுக் கொடுத்தார். சீட் வந்துவிட்டது. ஹாஸ்டல் வரவில்லை. ரயிலில் போய் வரலாமே என்று கேட்பீர்கள். பாதி ஊர் அப்படித்தான் இருட்டில் போய் இருட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நாங்களே அந்த ஊரில் இருக்கப்போவது நிச்சயமில்லாதபோது எந்த ரயிலை நம்பி அவளைச் சேர்ப்பது? அவளுக்கு நகராத ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"உன் தம்பி வெச்சுக்கினான்னா படிக்கட்டும். இல்லன்னா பக்கத்து ஊட்டுப் பொண்ணோட கார்மெண்ட்ஸுக்குப் போவட்டும். நான் இன்னா பண்ண முடியும், சொல்லு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வேறு பதில் இல்லை.

தம்பியை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவன் அரை டிரவுசர் போட்ட பையன். ஐ.டி.ஐ. படித்துப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அங்கேயே நம்ம ஜனத்திலேயே ஒரு பெண்ணைக் கட்டினான். அதற்குப் பிறகு ஊருக்கு வருவது குறைந்துபோனது. சாவுக்கு வந்தால் சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிடுவான். எங்களை ஒருமுறைகூட அவன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. குழந்தை குட்டி இல்லாத வீடு, ரெண்டு ரூம் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன்.

"எக்கா, இதெல்லாம் எதுக்கு ஃபோன்ல? குடும்பத்தோட வாங்க. ஊரச் சுத்திக் காட்றேன். பசங்க லால்பாக் பாத்ததில்லயே?"

"லால்பாக் கெடக்குது. பொண்ணு உங்கிட்ட தங்கலாமா, கூடாதா? அதச் சொல்லு."

"வாக்கா. வந்தா பேசிக்கலாம்."

வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பினோம். நான், வீட்டுக்காரர், பெரியவள், ஒண்ணாவது படிக்கிற சின்னவள். பெரியவளின் துணியெல்லாம் ஒரு ரெக்சின் பையில் திணித்து எடுத்துக்கொண்டேன். பதில் வருவதற்கு முன்னாலேயே எதற்கு மூட்டை என்று வீட்டுக்காரர் கேட்டார். மறுநாள் திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. அவளை விட்டுவிட்டு வருவதற்குத்தான் நான் போனேன், கூட்டிக்கொண்டு திரும்புவதற்கு இல்லை. இன்னொரு பையில் தம்பிக்கு உப்புக்கண்டம். மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்து, முந்தின நாள் எண்ணெயில் பொரித்தது. சின்ன வயதில் அதற்காகச் சட்டியைச் சுரண்டுவான்.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் நின்றிருந்தான். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, வழுக்கை விழ ஆரம்பித்த தலையோடு. எங்களைப் பார்த்துச் சிரித்தான். பிறகு எங்கள் பைகளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"ஊட்டுக்குப் போய் பைய வெச்சிட்டு, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பலாம்டா" என்றேன்.

"வேணாங்கா. அங்க போய்ட்டுத் திரும்பினா லேட்டாயிடும். மொதல்ல ஊரப் பாத்துரலாம். பைய நான் தூக்கறேன்."

"மூட்டையோட யார்னா ஊர் பாப்பாங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"பெங்களூர்ல எல்லாரும் அப்படித்தான் மாமா" என்றான். பொய் சொல்லும்போது அவன் காது மடலைத் தடவுவான். தடவினான்.

பஸ்ஸில் விதான சௌதாவுக்குப் போனோம். வெயிலில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பெரிய கட்டடம்தான். எங்கள் லைன் மொத்தத்தையும் உள்ளே குடிவைத்துவிட்டு மேலே துணியும் காயப்போடலாம். நெற்றியில் கன்னடத்தில் எழுதியிருந்ததைப் பெரியவள் படித்தாள். அரசாங்க வேலை கடவுள் வேலை என்று எழுதியிருக்கிறதாம்.

"நம்ம கம்பெனியும் கவர்மெண்ட்தானே" என்றார் வீட்டுக்காரர். "அப்ப நமக்கு நோட்டீஸ் குடுக்கப் போறது சாட்சாத் கடவுள்தான்."

தம்பி சிரிக்கவில்லை. எதிரே, கையில் சட்டப் புத்தகத்தோடு நிற்கிற நம்மவர் சிலை. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற தரையில் நின்று கும்பிட்டார். நானும் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் தம்பி தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஸ்டாப்பில் எங்களுக்கு எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலிருந்த கப்பன் பார்க்குக்கு நடந்துதான் போனோம்.

வழியெல்லாம் கேட்டேன். "பொண்ணு விஷயம் இன்னாடா ஆச்சு?"

"அதோ பாரு, அதுதான் ஹைகோர்ட்."

"உன் பொண்டாட்டி இன்னா சொல்றா?"

"பாத்தியா, எல்லாம் செவப்புக் கலரு."

கேள்வி கேட்டால் கட்டடம் காட்டினான். இப்படியே ஊரில் இருக்கிற கட்டடத்தையெல்லாம் காட்டிச் சாயங்காலம் ரயில் ஏற்றிவிடப் போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கப்பன் பார்க்கில் ஒரு மரத்தடியில் சப்பென்று உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் சின்னவளைப் பொம்மை ரயில் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பெரியவள் கொஞ்சம் தள்ளி, எங்களைக் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இனிமே நான் எழுந்திரிக்க மாட்டேன். சொல்லு."

அவன் பையைப் பார்த்து, "அதுல இன்னா?" என்றான்.

"உனக்குத்தான். உப்புக்கண்டம். ஊட்டுக்கு எடுத்துனு போய்த் தின்னு."

டப்பாவை வாங்கினான். மூடியைத் திறந்து மூக்கருகில் வைத்துக்கொண்டான். பிறகு அங்கேயே, புல்லில் உட்கார்ந்தபடியே, சாப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொரு துண்டாக இல்லை. ரெண்டு மூன்றாக வாயில் போட்டான். கன்னம் உப்ப மென்றான். பல மாதம் பட்டினி கிடந்தவன் மாதிரி. கடைசியில் டப்பாவில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்து நக்கினான். பிறகு பாட்டில் தண்ணியில் வாய் கொப்பளித்து, பாக்கெட்டிலிருந்து ஏலக்காய் எடுத்துப் போட்டுக்கொண்டான். டப்பாவையும் குழாயடியில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினான். என் தம்பி அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது.

"ஊட்டுக்கு எடுத்துனு போவ முடியாதுக்கா" என்றான். "கீழ ஓனரு இருக்கார். மாடில நாங்க. அவுங்களுக்கு முட்டை ஓடு பாத்தாலே ஆவாது."

"அவ்ளோதானே? பொண்ணு கறி இல்லாம சாப்பிடுவா."

"அது மட்டும் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "நாம யாருன்னு அவருக்குத் தெரியாது. வேற சாதி பேரைச் சொல்லித்தான் வீடு எடுத்துகீறேன். ஊர் கேஜிஎஃப்னா உடனே கண்டுபிடிச்சிருவாங்கன்னு வேலூர்னு சொல்லிகீறேன். நாலு வருஷமா அப்படித்தான் ஓடினு கீது."

என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. நம்ம அப்பா இருபது வயதிலிருந்து சாகும்வரை எந்த ஊர் மண்ணுக்குள் இறங்கினாரோ அந்த ஊர்ப் பேரைச் சொல்ல உனக்கு வெட்கமா என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு சொன்னான்: "உனக்குச் சொல்றது ஈஸிக்கா. உன் லைன்ல எல்லாரும் நம்மாளுங்க. நான் உண்மையச் சொல்லி வீடு கேட்ட காலத்துல 'நேத்துதான் வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்'னே எல்லா தெருவுலயும் சொன்னாங்க. ஒரு தெருவுல அந்த வீடு அப்புறமும் மூணு மாசம் காலியாவே கெடந்துச்சு. தெனம் அதத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்."

என் கோபம் அப்படியே இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"இப்ப பொண்ண வெச்சுக்குவியா, மாட்டியா?"

"வெச்சுக்குவேன். ஆனா சொல்ற மாதிரி கேக்கணும். எல்லாரும். ஓனரு வெளிய உக்காந்திருப்பார். வந்தவங்கள ரெண்டு கேள்வி கேக்காம விடமாட்டார். அவருக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா அவளுக்கும் எடம் இல்ல, எனக்கும் இல்ல. அதான் நேரா கூட்டினு போவல."

நான் ஒத்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. மறுநாள் காலேஜ் திறக்கிறது. என் பெண் அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாள் என்பது மட்டும்தான் எனக்குக் கணக்கு. சாதிப் பேரை மாற்றச் சொன்னான். தலையை மொட்டை அடிக்கச் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"எங்கப்பன் பேரையும் மாத்தணுமா, இல்ல அது அப்படியே இருக்கலாமா மச்சான்?"

"மாமா, கோபப்படாதீங்க. நீங்க ஸ்கூல்ல கிளார்க்னு சொல்லிகீறேன்."

வீட்டுக்காரர் ரெண்டு கையையும் நீட்டினார். காய்ப்புக் காய்ச்சி, ஒரு விரல் பாதியோடு நிற்கிற கை. "இதப் பாத்தா கிளார்க் கை மாதிரி கீதா?"

"பாக்கெட்ல வெச்சுக்கங்க மாமா."

"மூஞ்சியையும் பாக்கெட்ல வெச்சுக்கறேன்."

"சும்மா இருங்க" என்று கத்தினேன். பக்கத்தில் கடலை தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க ரோஷத்த வெச்சு அவளுக்கு ஒரு மாசம் சோறு போட முடியுமா? முடியும்னா சொல்லுங்க, இப்பவே திரும்பிடலாம்."

அவர் லால்பாக் போகிற வரைக்கும் பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

லால்பாக் வாசலில் ஒரு பெண்மணியிடம் குங்குமம் வாங்கி எனக்கும் ரெண்டு பெண்களுக்கும் வைத்துவிட்டான். பெரியவள் கழுத்தில் கயிற்றில் கோத்த புத்தர் லாக்கெட் இருந்தது. அதை அவளே கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். உள்ளே போனோம். எல்லாரும் கண்ணாடி மாளிகை முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பாறை மேட்டில் ஏறி, வெயிலில் உட்கார்ந்து, பாடம் படித்தோம்.

"உங்க ஊரு?" என்று தம்பி சின்னவளைக் கேட்டான்.

"வேலூரு."

"அங்க இன்னா இருக்கு?"

"கோட்டை கீது."

"'கீது'ன்னு சொல்லாத. 'இருக்கு'ன்னு சொல்லு."

"டேய், வேலூர்லயும் 'கீது'ன்னுதான்டா சொல்லுவாங்க" என்றேன். "நம்ம பேச்சே அங்கேர்ந்து வந்ததுதான்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம், வீட்டுக்காரர்கூட. அந்த நாளிலேயே அந்த ஒரு நிமிஷம்தான் ஊர் பார்க்க வந்த குடும்பம் மாதிரி இருந்தோம்.

"சரி. காலைல இன்னா சாப்பிட்ட?"

"தயிர் சாதம்." சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு, "பொய்யி" என்றாள்.

"பொய் இல்ல, வெளயாட்டு. அப்பா எங்க வேலை?"

"ஸ்கூல்ல."

"வீட்ல எந்த சாமி கும்பிடுவீங்க?"

"புத்..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, "முருகர்" என்றாள்.

திரும்பத் திரும்பக் கேட்டான். கறி, முட்டை, கருவாடு எதுவும் வாயில் வரக்கூடாது. ஷாஃப்ட், ஷிஃப்ட், சுரங்கத்துக்குள் இறங்குகிற கேஜ் எதுவும் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்றால் புத்தர் கோயில் வகுப்பு என்று சொல்லக்கூடாது, பாட்டுக் கிளாஸ் என்று சொல்ல வேண்டும். சின்னவள் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள்.

அடுத்து பெரியவளைக் கேட்டான். அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். தாத்தா வேலூரில் துணிக்கடையில் கணக்கு எழுதினார் என்றாள். சுரங்கத்தில் இறங்கியே செத்த என் அப்பாவை ரெண்டே நொடியில் துணிக்கடைக்கு அனுப்பிவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாமா, காலேஜ்ல குடுத்த சர்டிஃபிகேட்ல சாதி இருக்கே?" என்று மட்டும் கேட்டாள்.

"அங்க உண்மையச் சொல்லு. ஊட்ல இதச் சொல்லு. ரெண்டையும் கொழப்பிக்காத."

"சரி."

அந்த வயதில் ஒரு பெண் அப்படி "சரி" என்று சொல்லக்கூடாது.

நான்கு மணி வாக்கில் தம்பி வீட்டுக்குப் போனோம். ஊருக்குத் தெற்கே புதிதாக வந்த லேஅவுட். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், வாசலில் துளசி மாடம். ஓனர் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆனவர், நரைத்த தலை, சுத்தமான பனியன். மோசமான மனிதர் மாதிரி தெரியவில்லை. அதைத்தான் நான் இன்றுவரை சொல்கிறேன், யாரும் மோசமானவர் மாதிரி தெரிவதில்லை.

கன்னடத்தில் கேட்டார். நான் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். எந்த ஊர் என்றார், வேலூர் என்றேன். கன்னடம் நன்றாகப் பேசுகிறீர்களே என்றார். தம்பி, "எங்கக்கா பெங்களூர் பக்கம் கொஞ்ச நாள் இருந்தாங்க சார்" என்றான். வீட்டுக்காரர் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்க்க எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஓனர் பெரியவளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். சயின்ஸ் என்றதும் சந்தோஷப்பட்டார். நன்றாகப் படி, கணக்கில் சந்தேகம் வந்தால் கீழே வந்து என்னைக் கேள் என்றார். நிஜமாகவே சொன்னார்.

முடிந்தது. தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகம் காலையிலிருந்து முதல் தடவையாகத் தளர்ந்தது. நான் மாடிப்படியில் கால் வைத்தேன். என் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சின்னவள் நின்றாள். பெரியவர் எதிரில் வந்துவிட்டு மரியாதை செய்யாமல் போகக்கூடாது என்று அவளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு, கணீரென்று சொன்னாள்.

"ஜெய்பீம் தாத்தா."

அவ்வளவு நேரம் பாறையில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தம்பிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் லைனில் வணக்கம் என்று யார் சொன்னார்கள்? கேஜுக்குப் போகிறவரும் ஜெய்பீம், வருகிறவரும் ஜெய்பீம். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், வாத்தியாரிடம், எல்லா இடத்திலும் அதுதான். மறைக்க வேண்டிய சாமான்களை எல்லாம் பொறுக்கி எடுத்து மறைத்தோம். இது எங்களுக்குச் சாமானே இல்லை, மூச்சு. மூச்சு விடாதே என்று யாராவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்களா? ஆனால் கேட்கிறவனுக்கு அந்த ஒன்று போதும். அப்படிக் கும்பிடுகிறவர்கள் யார் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஓனர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எடுக்க மறந்த மாதிரி அப்படியே இருந்தது. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல ஏதோ சொல்லிக் குடுத்திருக்காங்க சார்" என்றான் தம்பி. காது மடலைத் தடவினான்.

"ஓஹோ" என்றார். எழுந்தார். நாற்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மேலே தம்பி பெண்டாட்டி வாசலுக்கே வந்து, "வாங்க அண்ணி, வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. எலுமிச்சை சாதம், பாயசம் எல்லாம் செய்து வைத்திருந்தாள். சின்ன ரூமைக் காட்டினாள். ஜன்னலோரமாக ஒரு கட்டில், புதுப் பெட்ஷீட். ஒரு மேசை, அதன்மேல் டேபிள் லைட். பெண்ணுக்காக வாங்கியதாம். அவள்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று நான் ரயில் முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் லைட்டைப் போட்டுக் காட்டி, "பாருங்க அண்ணி, எரியுது" என்றாள்.

வீட்டுக்காரர் முகம் கழுவக் குழாயைத் திறந்தார். கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு குழாய் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. கீழே மோட்டார் ஸ்விட்ச் ஓனர் வீட்டுக்குள் இருக்கிறது. அதற்குள் கீழேயிருந்து தம்பியைக் கூப்பிட்டார்கள்.

அவன் போய்த் திரும்பி வந்தபோது நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தோம்.

"மாசக் கடைசியோட காலி பண்ணணுமாம். அவர் பையன் வரானாம், வீடு வேணுமாம்." சிரித்தான். "அவருக்குப் பையனே இல்ல."

தம்பி பெண்டாட்டி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி சின்னவளிடம் போனான். "ஒரு வார்த்தை! ஒரே வார்த்தை! நாலு வருஷம்!" என்று கையை ஓங்கினான்.

வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்தார். "எறக்கு மச்சான். கைய எறக்கு. கொழந்த மேல வெச்ச, அப்புறம் நான் கிளார்க்கா இருக்க மாட்டேன்."

சின்னவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் மரியாதையாத்தானேம்மா சொன்னேன்?"

அங்கே நாலு பெரியவர்கள் இருந்தோம். ஒருவரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் கீழே இறங்கிப் போய் அந்தக் கதவை உதைக்க வேண்டும்போல் இருக்கிறது. உதைத்து என்ன கேட்பேன்? அவர் ஒன்றும் தப்பாகப் பேசவில்லையே. மோட்டாரை அணைத்தார். பையன் வருகிறான் என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ரெக்சின் பையைத் தூக்கித் தோளில் போட்டார். "நட. ரயிலுக்கு நேரம் கீது. நாலு பேரும் போலாம்."

பெரியவள் மேசைப் பக்கத்தில் நின்றிருந்தாள். லைட் எரிந்துகொண்டேயிருந்தது. அவள் அழவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மறுநாள் கார்மெண்ட்ஸுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று யோசிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

நான் வீட்டுக்காரர் தோளிலிருந்து பையைப் பிடுங்கினேன். கட்டிலில் புதுப் பெட்ஷீட்மேல் தொப்பென்று போட்டேன்.

"மாசக் கடைசி வரைக்கும் வாடகை குடுத்துகீறியா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"குடுத்துட்டேன். அதுக்கு இன்னா?"

"அப்ப அதுவரைக்கும் இது உன் ஊடு. அதுவரைக்கும் இவ இங்கதான் இருப்பா. நாளைக்குக் காலேஜ்."

"எக்கா, உனக்குப் பைத்தியமா? தண்ணியே நிறுத்திட்டான். தெனம் அந்த மூஞ்சியத் தாண்டி இவ போவணும் வரணும்."

"போவட்டும்."

"அப்புறம்? மாசம் முடிஞ்சா?"

"நீ எங்க போறியோ அங்க வருவா."

"எங்க போவேன்னு எனக்கே தெரியாதுக்கா!"

"எனக்கும்தான்டா தெரியாது. தெரியாத எடத்துக்கு எங்கூட வர்றதுக்கு, தெரியாத எடத்துக்கு உங்கூட வரட்டும். உனக்காவது வேலை கீது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். இப்படிப்பட்ட இடத்தில் பெற்ற பெண்ணை விட்டுவிட்டு எந்தத் தாயாவது வருவாளா என்று எங்கள் லைனில் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். அவர்கள் யாரும் என் பெண்ணுக்கு ஒரு கட்டில் காட்டவில்லை.

தரையில் உட்கார்ந்திருந்தவள்தான் முதலில் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும் அண்ணி" என்றாள். "சோறு நான் போடறேன். இனிமே எந்த வீடு பாத்தாலும் நான் வாயத் தெறந்து பொய் சொல்ல மாட்டேன், அத இப்பவே சொல்லிட்டேன்." அதைத் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய் ரெண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துவந்தாள். "தெருக்கோடில பம்ப் இருக்கு. பாத்திரம் கழுவக்கூடத் தண்ணி இல்ல."

நான் கை நீட்டுவதற்குள் பெரியவள் குடங்களை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

பிற்பாடு தம்பி, நம் ஜனங்கள் இருக்கிற ஒரு நெரிசலான பேட்டையில் ஒற்றை ரூம் பார்த்துப் போனான். அந்தக் கட்டில் அதில் நுழையவில்லை. பெரியவள் அங்கிருந்து படித்தாள், பாஸும் செய்தாள். அதைச் சொல்லி இதை ஒரு நல்ல கதையாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. மாசக் கடைசி வரைக்கும்தான் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் ரயிலுக்குக் கிளம்பினோம். தம்பி பெண்டாட்டி எலுமிச்சை சாதத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கீழே கதவு சாத்தியே இருந்தது. தெருக்கோடியில் பம்ப்படியில் நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள், பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்தவர்கள் போலிருந்தது. என் பெண் கடைசியில் நின்றாள். நாங்கள் நெருங்கும்போது அவள் முறை வந்துவிட்டது. பம்ப்பை அடித்து ரெண்டு குடத்தையும் நிரப்பிக்கொண்டு எங்களுக்கு எதிரே வந்தாள்.

"சாப்பிடுடி. ஒழுங்கா சாப்பிடு" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"சரிம்மா" என்றாள். நிற்கவில்லை, தண்ணீர் தளும்பியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தக் கேட்டை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டிருந்தாள். சின்னவள் கையை ஆட்டினாள். அவள் ஆட்டவில்லை. ரெண்டு கையிலும் குடம் இருந்தது.